ஆம்புலன்ஸ் என்றால் வண்டி மட்டுமா?

ஆம்புலன்ஸ்னா வேகமா போற வண்டி, அவ்வளவுதான் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரக் கதையைப் படித்ததும் அந்த எண்ணம் மாறியது.

1960-களின் நடுவில் அங்கே நோயாளிகளைப் பெரும்பாலும் போலீஸ் வேனில்தான் ஏற்றிப்போவார்கள். வழியில் மூச்சு நின்றால் கவனிக்கப் பயிற்சி பெற்ற ஆள் கிடையாது. 1966-ல் முன்னாள் மேயர் டேவிட் லாரன்ஸ் தேர்தல் கூட்டத்தில் மயங்கி விழுந்தார். அவரையும் போலீஸ் வண்டியில்தான் கொண்டுபோனார்கள். நினைவு திரும்பாமலே இறந்துபோனார்.

மறுவருடம் ஃப்ரீடம் ஹவுஸ் ஆம்புலன்ஸ் சேவை உருவானது. சி.பி.ஆர். முறையின் முன்னோடியான டாக்டர் பீட்டர் சாஃபர் பயிற்சியை வடிவமைத்தார். பயிற்சி பெற்றவர்கள் ஹில் டிஸ்ட்ரிக்ட் பகுதியின் கறுப்பின இளைஞர்கள். பலர் "வேலைக்கு லாயக்கில்லை" என ஒதுக்கப்பட்டவர்கள். விழுந்த இடத்திலேயே சிகிச்சையைத் தொடங்கினார்கள். அங்கே பணியாற்றிய டாக்டர் நான்சி கரோலைன் எழுதிய பாடத்திட்டம் நாடு முழுக்க பாராமெடிக் பயிற்சிக்கு அடிப்படையானது.

1975-ல் மாநகராட்சி தன் சொந்த சேவையைத் தொடங்கியது. ஃப்ரீடம் ஹவுஸ் மூடப்பட்டது. புதிய சேவைக்குப் போன பழைய ஊழியர்களில் பலர் ஓரங்கட்டப்பட்டு வெளியேறினார்கள்.

இப்போ சைரன் கேட்டா வண்டியைப் பார்க்கிறதில்லை. உள்ளே உட்கார்ந்திருக்கிறவங்களைத்தான் நினைச்சுக்கிறேன்.