மருந்தின் தரம் காணும் கல்வி

சீனக்குடாவிற் கப்பலினின்று இறங்கும் கோதுமையைக் கைப்பிடியளவு அள்ளிப் பார்த்தே அனுபவமுள்ள வணிகர் அதன் தரத்தை ஓரளவு கூறிவிடுவர். மருந்தின் தன்மை அத்தகையதன்று. நல்லதும் தீயதும் ஒரே நிறத்தனவாய், ஒரே சுவையினவாய் இருத்தல் கூடும். திருகோணமலை வைத்தியசாலையிற் பாணிமருந்துக் குப்பியைப் பெற்றுச் செல்லும் தாய்க்கு அதனைச் சோதித்தறியும் வழி யாதுமில்லை. அவள் பொருட்டுச் சோதிப்பவர் எங்கோ ஓரிடத்தில் இருத்தல் வேண்டும்; அவர் அதற்குரிய கல்வியுடையவராதலும் வேண்டும்.

2025 ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் காஞ்சிபுரம் மாவட்டத்தில் உற்பத்தியான இருமற் பாணியொன்றை அருந்திய குழந்தைகள் பலர் மத்தியப் பிரதேசத்தில் உயிர் துறந்தனர். மருந்தைக் கரைப்பதற்குரிய திரவத்துடன், கைத்தொழிலிற் பயன்படும் டைஎத்திலீன் கிளைக்கோல் என்னும் நஞ்சு கலந்திருந்தது. அதுவும் இனிப்பானது, சிறுநீரகத்தை அழிப்பது. தமிழ்நாட்டு அரசாங்க ஆய்வுகூடம் அப்பாணியில் நூற்றுக்கு 48 பங்குக்கு மேல் அந்நஞ்சு இருத்தலைக் கண்டறிந்தது. இதே பொருளால் 1937 இல் ஐக்கிய அமெரிக்காவில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்ட பின்னரே, மருந்தின் பாதுகாப்பை விற்பனைக்கு முன்னர் நிறுவுதல் வேண்டுமெனும் சட்டம் 1938 இல் அங்கு இயற்றப்பட்டது. எண்பது ஆண்டுகளுக்கு மேலாக அறியப்பட்ட நஞ்சு மீண்டும் குழந்தைகளைக் கொன்றதெனின், சட்டம் இல்லாமை அதற்குக் காரணமன்று. உரிய வேளையிற் சோதித்தவர் இல்லாமையே காரணம்.

இலங்கையில் இவ்வுண்மையை முன்னரே உணர்ந்தவர் பேராசிரியர் செனக பிபிலே (1920–1977). எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் மருந்தியலிற் கலாநிதிப் பட்டம் பெற்று மீண்ட அவர், இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் மருந்தியற் பேராசிரியரானார். வெளிநாட்டிற் கற்றதை விரிவுரை மண்டபத்தோடு அவர் நிறுத்தவில்லை. எம்மருந்து வேண்டும், எது வேண்டாம் என்று தெரிவு செய்யும் குழுக்களில் அக்கல்வியைப் பயன்படுத்தினார். 1971 இல் நிறுவப்பட்ட அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் தலைவராகவும் பணியாற்றினார். தனியார் துறையில் இறக்குமதியாகிய ஏறத்தாழ 2,100 மருந்துகள் 600 அளவிற்குக் குறைக்கப்பட்டன. வணிகப் பெயரை விடுத்து மருந்தின் இயற்பெயரால் உலகெங்கும் விலை கோரப்பட்டது, விலை வீழ்ந்தது. எனினும், மலிவாக விற்பவனிடம் வாங்குபவனே மிகுதியாகச் சோதித்தல் வேண்டும். ஆதலின் இயற்பெயர்க் கொள்கை முழுவதும் ஆய்வுகூடத்தையே நம்பி நிற்பது. இதனை எடுத்துரைப்போர் இன்றும் சிலரே.

2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின்படி தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை அமைந்தது. ஆயினும் 2023 இல் வைத்தியசாலைகளில் வழங்கப்பட்ட இம்யூனோகுளோபியுலின் ஊசிமருந்தொன்று தரமற்றதெனத் தெரியவந்தது. ஒரு மருந்தைப் பதிவு செய்யுமுன் அதன் உற்பத்தி முறை, நிலைபேறு, மனிதரிடத்து நிகழ்த்திய சோதனைகள் ஆகியன பற்றிய ஆயிரக்கணக்கான பக்கங்களைப் படித்துப் பொய்யை இனங்காணல் வேண்டும். இரசாயனமும் மருத்துவமும் புள்ளிவிவரவியலும் ஒருவரிடத்தே கூடவேண்டிய இத்திறனைப் பொதுவான பட்டப்படிப்பு எதுவும் முழுமையாக அளிப்பதில்லை. இதன் பொருட்டே சிங்கப்பூரில் டியூக்–என்.யூ.எஸ். மருத்துவக் கல்லூரி 2014 இல் ஒழுங்குமுறைச் சிறப்பு மையமொன்றை நிறுவி, ஆசிய நாடுகளின் அலுவலர்க்குப் பயிற்சி அளித்து வருகின்றது. ஆபிரிக்காவிலும் அவ்வாண்டே பல்கலைக்கழகங்கள் சிலவும் ஒழுங்குபடுத்தும் நிறுவனங்கள் சிலவும் பயிற்சி நிலையங்களாகத் தெரிவு செய்யப்பட்டன. இரு வாரம் வெளிநாடு சென்று சான்றிதழும் புகைப்படமும் கொண்டு மீளுதலைப் பயிற்சியெனல் பொருந்தாது. அங்குள்ள நிபுணர் அருகமர்ந்து உண்மையான கோவையொன்றைத் தொடக்கமுதல் முடிவுவரை ஆராய்தலே பயிற்சியாகும். மீண்டவரை வேறு கந்தோருக்கு மாற்றிவிடின் அதுவும் வீணே.

கோணேசபுரியிலுள்ள திருகோணமலை வளாகத்திற் சித்த மருத்துவம் கற்பிக்கப்படுகின்றது. சித்த மருந்துகளோ 1961 ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தின் பாற்பட்டவை. அவற்றுட் சில இரசமும் கந்தகமும் சேர்ந்தவை. அவற்றைச் சுத்தி செய்யும் முறையைக் கற்ற மாணவர், முடிந்த மருந்தில் எஞ்சிய உலோகத்தின் அளவைக் கருவிகொண்டு காணவும் கற்பாராயின், எடின்பரோ சென்று மீண்ட பிபிலே செய்ததை அவர் கிழக்கிற் செய்தல் இயலும். அதற்கு வளாகமும் இரசாயன ஆய்வுகூடமுடைய வெளிநாட்டுப் பல்கலைக்கழகமொன்றும் எழுத்திற் கைச்சாத்திட்டு, மாணவர் இருவரையேனும் ஆண்டுதோறும் அனுப்புதல் வேண்டும்.