ஸ்டெல்லாரிஸில் உளவாளிகளை உருப்படியாகப் பயன்படுத்துவது எப்படி?

"ஸ்பை சிஸ்டம் சுத்த வேஸ்ட் மச்சி." ஸ்டெல்லாரிஸ் ஆடுற நண்பர்களிடம் உளவு பத்திக் கேட்டால் அடிக்கடி வரும் பதில் இதுதான். காரணமும் சொல்வாங்க. ஒரு தூதரை அனுப்பி, வருஷக்கணக்கா காத்திருந்து, செல்வாக்குப் புள்ளிகளைச் செலவழிச்சு, கடைசியில் எதிரியோட விண்வெளி நிலையத்தில் ஒரு பாகத்தை உடைச்சா, அவன் அதைத் திரும்பக் கட்டிக்கிறான். இதுக்கு நாலு கப்பல் கட்டியிருக்கலாமே?

நியாயமான கேள்வி. ஆனா இந்தக் கணக்கில் உளவாளியோட முக்கியமான வேலை ஒண்ணு விட்டுப்போச்சு. அது என்னன்னு பார்ப்போம்.

முதலில், சிஸ்டம் எப்படி வேலை செய்யுது?

பாரடாக்ஸ் நிறுவனத்தின் ஸ்டெல்லாரிஸ் 2016 மே மாதம் வந்தது. ஆரம்பத்தில் உளவுன்னு தனியா ஒண்ணும் கிடையாது. ஒரு பேரரசோட தொடர்பு கிடைச்சதும் அதைப் பத்தி நிறைய விஷயம் தானாவே தெரிஞ்சிடும். 2021 ஏப்ரலில் 3.0 அப்டேட்டும், கூடவே நெமசிஸ் டிஎல்சியும் வந்தப்போதான் நிலைமை மாறிச்சு. இப்போ ஒவ்வொரு பேரரசைப் பத்தியும் உங்களுக்கு எவ்வளவு தெரியும்ங்கிறது 0 முதல் 100 வரை ஒரு அளவு. அதுதான் இன்டெல். இது ஏறஏற அரசு, ராஜதந்திரம், பொருளாதாரம், தொழில்நுட்பம், ராணுவம்னு ஐந்து பிரிவுகளில் தகவல் திறந்துக்கிட்டே வரும்.

இதை ஏத்த ஒரு வழிதான் உளவு வலை. ஒரு தூதரை அந்தப் பேரரசுக்கு ஒதுக்கினால் வலை மெதுவா வளரும். அது எவ்வளவு ஊடுருவியிருக்குன்னு ஒரு எண் காட்டும். நம்ம சங்கேதம் உடைக்கும் திறனும் எதிரியோட குறியாக்கமும் மோதிக்கிற இடம் இது. அவனோட குறியாக்கம் பலமா இருந்தா வலை நத்தை மாதிரி நகரும்.

வலை ஓரளவு வளர்ந்ததும் ஆபரேஷன்களை ஆரம்பிக்கலாம். தகவல் சேகரிப்பது, உள்ளூர் ஆளைப் பிடிப்பது, தொழில்நுட்பம் திருடுவது, விண்வெளி நிலையத்தை நாசமாக்குவது, கொள்ளையர்களுக்கு ஆயுதம் கொடுப்பதுன்னு ஒரு பட்டியலே இருக்கு. பெரும்பாலானவைக்கு நெமசிஸ் வேணும். முக்கியமான விஷயம்: ஆபரேஷன் நடத்தினால் செல்வாக்கும் எரிசக்தியும் செலவாகும், அது முடிஞ்சதும் கட்டி வச்ச ஊடுருவலும் குறையும். அதாவது வலை ஒரு சேமிப்புக் கணக்கு. எடுத்தால் குறையும்.

உளவாளியோட உண்மையான விலை

ஆட்டம் தொடங்கும்போது கையில் இருக்கிற தூதர்கள் ரெண்டே பேர்தான். இதே ஆட்களைத்தான் பக்கத்து நாட்டோட உறவை வளர்க்க, புதுசா சந்திக்கிற உயிரினங்களோட முதல் தொடர்பை நடத்த, பின்னாடி கூட்டமைப்பையும் கேலக்டிக் சமூகத்தையும் கவனிக்க எல்லாத்துக்கும் பயன்படுத்தணும். ஒருத்தரை உளவுக்கு அனுப்பினா, ஒரு நட்பை வளர்க்கும் வாய்ப்பு போகுது. அதனால் "யாரை உளவு பார்க்கலாம்?"னு கேட்கிறதுக்கு முன்னாடி "யாரோட நான் சண்டை போடப் போறேன், இல்ல யார் என்மேல வரப் போறான்?"னு கேட்கணும். பெரும்பாலும் பதில் ஒரே ஒரு பக்கத்து வீட்டுக்காரன். அவன்மேல மட்டும் வலை போடுங்க. நாலு பேர்மேல அரைகுறையா போடுற வலையால் யாருக்கும் லாபம் இல்லை.

பார்க்கிறதுதான் பெரிய வேலை

இப்போ விட்டுப்போன விஷயத்துக்கு வருவோம். ஸ்டெல்லாரிஸில் போரோட பெரும்பகுதி முடிவு முதல் குண்டு வெடிக்கிறதுக்கு முன்னாடியே எடுக்கப்படுது. அந்த முடிவுக்கு மூணு தகவல் வேணும்.

ஒண்ணு, அவனோட படை எப்படிப்பட்டது? இயக்க ஆயுதங்கள், அதாவது குண்டு வீசும் பீரங்கி வகை, ஷீல்டை நல்லா உடைக்கும். லேசர் வகை கவசத்தை நல்லா உருக்கும். ஏவுகணை ஷீல்டைத் தாண்டியே போகும், ஆனா பாயின்ட் டிஃபென்ஸ் அதைச் சுட்டு வீழ்த்தும். எதிரி முழுக்க ஷீல்டையே நம்பியிருக்கான்னு தெரிஞ்சா, கப்பல் எண்ணிக்கையைக் கூட்டாமலே ஆயுதத்தை மாத்தி ஜெயிக்கலாம். ஆனா கப்பல்களை மறுபடி வடிவமைக்க மாசக்கணக்கில் ஆகும். போர் ஆரம்பிச்ச பிறகு தெரிஞ்சு என்ன பிரயோஜனம்?

ரெண்டு, அவனுக்குப் பின்னாடி யார் இருக்கா? பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டவன் ஒருத்தனை அடிச்சா, ஒப்பந்தக்காரனும் சேர்ந்து வருவான். ஒரு எல்லைக்குத் தயாராகி, ரெண்டு எல்லையில் அடி வாங்குறது இப்படித்தான்.

மூணு, அவனோட கப்பல்கள் இப்போ எங்கே? 2018-இல் வந்த 2.0 அப்டேட்டுக்குப் பிறகு எல்லாரும் ஹைப்பர்லேன் பாதைகளில்தான் பயணிக்கணும். எதிரியோட படை நாட்டின் மறுமுனையில் வேற ஒருத்தனோட மல்லுக்கட்டிட்டு இருந்தா, திரும்பி வர நேரம் ஆகும். அந்த இடைவெளியில் ரெண்டு மூணு மண்டலத்தைப் பிடிச்சு, முக்கியமான பாதைச்சந்தியில் உட்கார்ந்துடலாம்.

இந்த மூணுக்கும் பதில் ராணுவ, ராஜதந்திர இன்டெல்லில் இருக்கு. போர் வேணாம்னு முடிவெடுக்கவும் இதே தகவல்தான் உதவும். தோற்கப்போற போரை ஆரம்பிக்காம இருந்தது எந்தப் பட்டியலிலும் வெற்றியா காட்டாது. ஆனா உளவாளி சம்பாதிச்சுக் கொடுத்ததில் பெரியது அதுவா இருக்கலாம்.

அப்போ நாசவேலை எதுக்கு?

சும்மா இருக்கும்போது செஞ்சா வேஸ்ட்தான். எதிரிக்குத் திரும்பக் கட்ட நேரம் இருக்கு. ஆபரேஷன் சொதப்பினால் உறவும் கெடும். அதே நாசவேலையைப் படையெடுப்புக்குச் சற்று முன்னாடி, நீங்க தாண்டியே ஆகவேண்டிய எல்லை நிலையத்தில் செஞ்சா கதை வேற. அதனால் கடைசி நேரம் வரை ஊடுருவலைச் சேர்த்து வைங்க. நடுவில் உள்ளூர் ஆட்களைப் பிடிக்கும் ஆபரேஷனை நடத்தினா, பின்னாடி பெரிய வேலைக்கு அந்த ஆள் கைகொடுப்பான்.

சப்டர்ஃபியூஜ் மரபு வரிசையை எடுக்கணுமா? மொத்தம் 7 வரிசைக்குத்தான் இடம். அடுத்தவனைச் சார்ந்து ஆடும் சின்னப் பேரரசுக்கு அது சரி. ஏற்கனவே பெரிய படை வச்சிருக்கிறவன் அந்த இடத்தை வேற எதுக்காவது வச்சுக்கலாம்.

30 வருஷம் முன்னாடி

இதை 1993-இல் சிம்டெக்ஸ் உருவாக்கிய மாஸ்டர் ஆஃப் ஓரியனோட ஒப்பிட்டா விஷயம் இன்னும் தெளிவாகும். 4எக்ஸ் என்ற பெயரே அந்த கேமைப் பத்தி ஆலன் எம்ரிச் எழுதிய கட்டுரையில் இருந்து வந்ததுதான். அதில் உளவாளிகளுக்கு மூணே கட்டளை: ஒளிஞ்சிரு, திருடு, நாசமாக்கு. அங்கே திருட்டுதான் ராஜா. ஏன்னா ஒவ்வொரு ஆட்டத்திலும் உங்க ஆராய்ச்சி மரத்தில் சில தொழில்நுட்பங்கள் இருக்கவே இருக்காது. எவ்வளவு ஆராய்ச்சி செஞ்சாலும் வராது. பண்டமாற்று செய்யணும், பிடிக்கணும், இல்ல திருடணும். திருட்டு நல்லபடியா முடிஞ்சா பழியை வேற இனத்துமேல போடும் வசதியும் உண்டு. உங்களால் ரெண்டு எதிரிகள் அடிச்சுக்குவாங்க!

ஸ்டெல்லாரிஸில் அப்படி இல்லை. பெரும்பாலான தொழில்நுட்பம் இன்னைக்கு இல்லாட்டியும் நாளைக்கு ஆராய்ச்சியில் வந்துடும். இங்கே பஞ்சம் தகவலுக்குத்தான்.

ஆக, எந்த ஸ்பேஸ் கேம் ஆடினாலும் முதல் கேள்வி ஒண்ணுதான்: காசு கொடுத்தும், காத்திருந்தும் இங்கே எது கிடைக்காது? உளவாளியை அதுக்கு அனுப்புங்க. அடுத்த முறை 2200-இல் புது ஆட்டம் தொடங்கும்போது, பக்கத்துப் பேரரசு முறைக்க ஆரம்பிச்சதும் ஒரு தூதரை அங்கே ஒதுக்கிட்டு, எந்த ஆபரேஷனும் தொடாம கொஞ்ச வருஷம் விட்டுப் பாருங்க. போர் வரும்போது அவனோட கப்பலில் என்ன ஆயுதம் இருக்குன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.