உள்ளிருக்கும் சுவர்கள்



மூங்கில் உள்ளே வெறுமையானது என்று எண்ணுகிறோம். பிளந்து பார்த்தால்தான் தெரியும், ஒவ்வொரு கணுவிலும் குறுக்கே ஒரு சுவர் இருப்பது. அந்தச் சுவர்கள் இருக்கும்வரை, எவ்வளவு ஊதினாலும் காற்று மறுபக்கம் போகாது.

ஜப்பான் நாட்டில் ‘ஷாகுஹாச்சி’ என்னும் மூங்கில் குழல் உண்டு. ஒரு ஷாகு, எட்டு சுன் என்ற அந்நாட்டுப் பழைய அளவே அதன் பெயர். ஏறத்தாழ 54.5 சென்டிமீட்டர். இதை நேராகப் பிடித்து மேல் விளிம்பில் ஊதுவார்கள். முன்னே நான்கு, பின்னே ஒன்று என ஐந்தே துளைகள். அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்தால் வரும் ஐந்து சுரங்கள், நமது சுத்த தன்யாசி இராகத்தின் ச, க, ம, ப, நி அமைப்பிலேயே ஒலிக்கும். ஃபுகே என்ற பௌத்தப் பிரிவின் துறவிகள் இக்குழலை ஊதுவதையே தியானமாகக் கொண்டிருந்தனர். 1871-ல் அரசு அப்பிரிவைக் கலைத்தது. குழலோ இன்றும் ஒலிக்கிறது.

இதைச் செய்யும் முறை நம் சிந்தனைக்குரியது. குளிர்காலத்தில், மூங்கிலில் நீரோட்டம் குறைந்திருக்கும்போது, அதை வேரோடு தோண்டி எடுக்கிறார்கள். தணலில் வாட்டி, கசியும் எண்ணெயைத் துடைக்கிறார்கள். வெயிலில் பச்சை நிறம் மாறும்வரை உலர்த்தி, பின் பல ஆண்டுகள் காத்திருக்கிறார்கள். அவசரப்பட்டால் வெடித்துவிடும். அதன்பின் கணுச் சுவர்களைத் துளைக்கிறார்கள். ஊதும் விளிம்பைச் சாய்வாகச் சீவி, தேயாதிருக்க எருமைக் கொம்பு பதிக்கிறார்கள். நுண்மண் பொடியை உருஷி மரப்பாலில் குழைத்து உட்புறம் பூசி, ராவி, ஊதிப் பார்த்து, மீண்டும் பூசி ராவுகிறார்கள். உள்ளே ஒரு சிறு மேடு இருந்தாலும் சுரம் கெட்டுவிடும்.

ஒன்றைக் கவனியுங்கள். உள்ளே சுவர் போய்விடுகிறது. வெளியே கணு அப்படியே இருக்கிறது. அந்தக் கணுக்களே குழலுக்கு அழகு.

உயிர்த்த ஆண்டவர் வந்தபோது, சீடர்கள் அச்சத்தால் கதவுகளை மூடிக்கொண்டிருந்தார்கள். அவர் முதலில் தம் கைகளையும் விலாவையும் காட்டினார். பிறகு அவர்கள்மேல் ஊதித் தூய ஆவியாரை அளித்தார் (யோவா 20:19-22). அவருடைய காயங்கள் மறையவில்லை. ஆனால் அந்தக் காயங்களில் கசப்பு இல்லை, அமைதியே இருந்தது.

நம் பங்கிலும் சொத்துப் பிரிவினையில் பேச்சை நிறுத்திய அண்ணன் தம்பிகள் உண்டு. ஒரே திருப்பலியில் நற்கருணை வாங்குகிறார்கள். சமாதானம் கூறும் வேளையில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். பட்ட காயம் உண்மைதான். அதை மறந்துவிடு என்று ஆண்டவர் கேட்கவில்லை. அதைச் சுவராக எழுப்பாதே என்றே கேட்கிறார். இது ஒரே நாளில் நடவாது. மூங்கிலுக்கே ஆண்டுகள் தேவைப்படுகின்றன. ஆனால் முதல் சுவரை இன்றே துளைக்கலாம்.

சிந்தனைக்கு: யாரைப் பார்க்கும்போது என் உள்ளத்தில் காற்று நின்றுவிடுகிறது?

செபம்: தூய ஆவியே இறைவா, எங்கள் உள்ளத்துச் சுவர்களைத் திறந்து, உம் மூச்சு எங்கள் வழியாய்ப் பிறருக்கும் செல்லச் செய்தருளும். ஆமென்.