கணக்குக் காட்டாதவர்கள்

காஞ்சீபுரம் ஜில்லாவைச் சேர்ந்த தென்னேரியில், ஏரிக்கரை மரநிழலில் நேயர்கள் சிலருடன் நாம் பேசிக்கொண்டிருந்தபோது, வயது முதிர்ந்த குடியானவர் ஒருவர் நம்மை நோக்கி, "ஐயா, வாச்சாத்தி கேஸிலே தண்டனை கொடுத்தாங்க, சரி. அன்னிக்கு அத்தனை பேரையும் அந்த ஊருக்கு அனுப்பி வெச்சவங்க யாரு? அவங்களை யாராவது கணக்குக் கேட்டாங்களா?" என்று வினவினார். சட்டம் கற்று வக்கீல் தொழிலும் புரிந்தவராகிய நமக்கு உடனே விடை கூற நா எழவில்லை. அவர் கேட்ட ஒரு கேள்வியில் இவ்விஷயத்தின் ஸாரம் முழுவதும் அடங்கியிருப்பதால், அதையே இன்று நமது வாசகர்கள் முன் வைக்கிறோம்.

நடந்ததை முதலில் நினைவூட்டுவோம். தர்மபுரி ஜில்லாவில் சித்தேரி மலையடிவாரத்தில் உள்ளது வாச்சாத்தி. அங்கு வாழ்வோர் மலையாளி என்னும் பழங்குடி மக்கள். 1992-ம் வருஷம் ஜூன் மாதம் 20-ந் தேதி, கடத்தல் சந்தனக் கட்டையைத் தேடுவதாகச் சொல்லிக்கொண்டு, வனத்துறையினர் 155 பேரும், போலீஸார் 108 பேரும், ரெவின்யூ உத்தியோகஸ்தர் 6 பேரும் அவ்வூருக்குள் புகுந்தனர். வீடுகள் இடிக்கப்பட்டன. தானியம் பாழாக்கப்பட்டது. ஆடுமாடுகள் கொல்லப்பட்டன. ஆண்களும் பெண்களும் அடித்து நொறுக்கப்பட்டனர். பெண்கள் 18 பேர் ஏரிப் பக்கம் கொண்டுபோகப்பட்டு மானபங்கப்படுத்தப்பட்டனர். அதன் பிறகு, அக்கிரமத்துக்கு ஆளானவர்களே குற்றவாளிகள் என்று சிறையில் அடைக்கப்பட்டனர்! வேலி பயிரை மேய்ந்ததோடு நிற்கவில்லை. மேயப்பட்ட பயிரின் மீதே வழக்கும் தொடுத்தது.

இதற்குப் பிறகு நியாயம் நடந்த வேகத்தைப் பாருங்கள். உள்ளூர்ப் போலீஸாரே பிரதிவாதிகளாக இருந்தபடியால் அவர்களிடம் முறையிட்டுப் பயனில்லை. மலைவாழ் மக்கள் சங்கத்தார் விடாது முயன்றனர். மார்க்ஸிஸ்ட் கட்சியின் மாகாணக் காரியதரிசியாயிருந்த ஸ்ரீ அ. நல்லசிவன் கோர்ட்டுக்குச் சென்றார். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கான தேசியக் கமிஷனின் அதிகாரி ஸ்ரீமதி பாமதி நேரில் விசாரித்து அறிக்கை கொடுத்தார். 1995-ல் சென்னை ஐகோர்ட்டு வழக்கை சி.பி.ஐ. வசம் ஒப்புவித்தது. 269 பேர் மீது குற்றப்பத்திரிகை தாக்கலாயிற்று. 2011-ம் வருஷம் செப்டம்பர் 29-ந் தேதி தர்மபுரி செஷன்ஸ் கோர்ட்டு தீர்ப்புக் கூறியபோது, அவர்களில் 54 பேர் இறந்துபோயிருந்தனர். உயிருடனிருந்த 215 பேரும் குற்றவாளிகளே என்று முடிவாயிற்று. பலாத்காரக் குற்றத்திற்காக 17 பேர் தண்டிக்கப்பட்டனர். 12 பேருக்குப் பத்து வருஷம், 5 பேருக்கு ஏழு வருஷம். அப்பீலில் ஐகோர்ட்டு நீதிபதி வேல்முருகன் அவர்கள் தாமே வாச்சாத்திக்குச் சென்று இடத்தைப் பார்வையிட்டு, 2023 செப்டம்பர் 29-ந் தேதி தண்டனைகளை ஊர்ஜிதம் செய்தார். பதினெண்மருக்கும் தலா பத்து லக்ஷம் ரூபாய் நஷ்டஈடு தரவும், அதில் பாதியைப் பலாத்காரக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்கவும் உத்தரவாயிற்று. மெய்யான கடத்தற்காரர்களையும் பெரிய மனிதர்களையும் காப்பாற்றவே நிரபராதிகளான பழங்குடிப் பெண்கள் பலியாக்கப்பட்டனர் என்று கோர்ட்டு கண்டித்தது.

சம்பவத்திற்கும் ஐகோர்ட்டுத் தீர்ப்புக்கும் இடையே 31 வருஷங்கள் கழிந்தன! அன்று கைக்குழந்தையாயிருந்தவர் இன்று பிள்ளை பெற்று வளர்க்கும் பிராயத்தை அடைந்துவிட்டார். பெரியவரின் கேள்விக்கு விடை என்ன? சம்பவ காலத்தில் பதவியிலிருந்த ஜில்லா கலெக்டர், போலீஸ் சூப்பரின்டெண்டென்ட், ஜில்லா வன அதிகாரி ஆகியோர் மீது நடவடிக்கை எடுக்குமாறும் 2023-ம் வருஷத் தீர்ப்பு சர்க்காருக்கு உத்தரவிட்டது. மேலதிகாரிகளைக் கணக்குக் கேட்க வேண்டுமென்று கோர்ட்டுக்குத் தோன்றியது மெச்சத்தக்கதே. ஆனால் அக்கேள்வி முதல் நாளிலேயே எழுந்திருக்க வேண்டும். முப்பத்தொரு வருஷங் கழித்து எழுந்ததால் அதன் வலிமையில் பெரும்பகுதி போய்விட்டது.

கலகமோ, போரோ, கொள்ளைக்காரர் வேட்டையோ நடக்கும் இடங்களில் ஆயுதம் தாங்கியவர்கள் பெண்களை மானபங்கம் செய்வது ஏதோ தற்செயலாக நேரும் விபத்தன்று. ஊரை அடக்குவதற்கும், ஜனங்களை அவமானத்தால் வாய் திறவாமற் செய்வதற்கும் அது ஓர் ஆயுதமாகவே உபயோகிக்கப்படுகிறது. ருவாண்டா தேசத்துப் படுகொலைகளை விசாரித்த சர்வதேச நியாயஸ்தலம், 1998 செப்டம்பரில், இனத்தை அழிக்கும் நோக்கத்துடன் செய்யப்படும் பலாத்காரம் இனப்படுகொலையின் ஓர் அங்கமே என்று முதன்முதலாகத் தீர்ப்பளித்தது. அதே வருஷம் ரோமாபுரியில் இயற்றப்பட்ட சாஸனம், தம் கீழுள்ளவர்கள் இக்குற்றங்களைச் செய்வதை அறிந்தும், அல்லது அறிந்திருக்க வேண்டிய நிலையிலிருந்தும், தடுக்காத தளபதிகளும் குற்றவாளிகளே என்று விதித்தது. இந்தியாவோ இலங்கையோ அச்சாஸனத்தில் சேரவில்லை.

இலங்கையைப் பற்றி நம்மவர்கள் ஆவேசத்துடன் பேசுகிறார்கள், பேச வேண்டியதுதான். 1996 செப்டம்பரில் யாழ்ப்பாணத்துச் செம்மணிக் காவலரணில் பள்ளி மாணவி ஒருத்தி பிடிக்கப்பட்டுப் பலாத்காரம் செய்யப்பட்டுக் கொல்லப்பட்டாள். அவளைத் தேடிச் சென்ற தாயும், தம்பியும், அயலவர் ஒருவரும் கொல்லப்பட்டனர். 1998 ஜூலையில் கொழும்பு ஹைக்கோர்ட்டு இராணுவத்தினர் சிலருக்கு மரணதண்டனை விதித்தது. அவர்களுள் ஒருவர் கோர்ட்டில் கூறிய வாக்குமூலத்திலிருந்தே செம்மணிப் புதைகுழிகளின் செய்தி உலகுக்குத் தெரிந்தது. இவ்வழக்கு கொழும்பில் அபூர்வமான விதிவிலக்கு. 2015-ல் ஐக்கிய நாடுகளின் விசாரணை அறிக்கை இலங்கைப் பாதுகாப்புப் படையினரின் பாலியல் கொடுமைகளை விவரித்தது. அவ்வருஷமே அந்நிய நீதிபதிகளும் பங்குபெறும் விசேஷ கோர்ட்டு ஒன்றை அமைக்கும் தீர்மானத்தை இலங்கை தானும் சேர்ந்து முன்மொழிந்தது; 2020-ல் அதிலிருந்து விலகிக்கொண்டது.

ஆனால் நம் வீட்டு முற்றத்தையும் பெருக்க வேண்டாமா? 1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்த இந்திய அமைதிப்படையினர் மீதும் இத்தகைய புகார்கள் எழுந்தன. யாழ்ப்பாணப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த டாக்டர் ரஜனி திராணகம முதலியோர் "முறிந்த பனை" என்னும் நூலில் அவற்றைப் பதிவு செய்தனர். அவர் 1989 செப்டம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். இவற்றைச் சொல்வது தேசத்துரோகம் என்று சிலர் முகம் சுளிப்பர். தேசத்தின் மானம் எதில் இருக்கிறது? குற்றத்தை மூடி வைப்பதிலா, குற்றவாளியைத் தண்டிப்பதிலா?

இக்கேள்விக்கு நமது தேசிய இயக்கத்தின் சரித்திரமே விடை கூறும். 1942 ஆகஸ்டில், மத்திய மாகாணத்துச் சிமூர் என்னும் ஊரில் கிளர்ச்சி நடந்து உத்தியோகஸ்தர்கள் கொல்லப்பட்டதும், பட்டாளமும் போலீஸும் அங்கே ஏவப்பட்டன. அவ்வூர்ப் பெண்கள் மானபங்கப்படுத்தப்பட்டதாகப் புகார்கள் எழுந்தன. அந்நிய சர்க்கார் விசாரணைக்கு மறுத்தது. ஆசிரியர் பன்ஸாலி விசாரணை கோரி அறுபது நாட்களுக்கு மேல் உண்ணாவிரதமிருந்தார். அச்செய்தியை வெளியிடலாகாதென்று பத்திரிகைகளின் வாயைக் கட்டினார்கள். அன்றைய தேசியவாதிகள் ஒருமுகமாகக் கேட்டது, "விசாரணை வை" என்பதே. உத்தியோகஸ்தர் கொலையுண்டது உண்மையாகையால் பெண்களின் புகாரை விட்டுவிடலாம் என்று அவர்களில் எவரும் சொல்லவில்லை. வெள்ளைக்காரனிடம் நாம் கேட்டதை நம்முடைய சர்க்காரிடம் கேட்பது எங்ஙனம் துரோகமாகும்?

இன்னும் ஒன்று கேளுங்கள். "வெள்ளையனே வெளியேறு" கிளர்ச்சியை அடக்குவதற்காக 1942 ஆகஸ்ட் 15-ந் தேதி லின்லித்கோ பிரபு ஓர் அவசரச் சட்டம் பிறப்பித்தார். பட்டாளத்தாருக்கு விசேஷ அதிகாரம் தந்த அச்சட்டத்தின் சாயலிலேதான் சுதந்திர இந்தியாவின் 1958-ம் வருஷத்து ஆயுதப்படை விசேஷ அதிகாரச் சட்டம் எழுதப்பட்டது. அச்சட்டம் அமலிலுள்ள பிரதேசத்தில், மத்திய சர்க்காரின் முன்னனுமதியின்றிப் படையினர் மீது கோர்ட்டில் வழக்குத் தொடர இயலாது. சாதாரண உத்தியோகஸ்தருக்கும் இத்தகைய கேடயம் ஒன்றைக் கிரிமினல் நடைமுறைச் சட்டம் வெள்ளையர் காலந்தொட்டு அளித்து வந்தது. டில்லியில் 2012 டிசம்பரில் நேர்ந்த கொடுமைக்குப் பின் அமைந்த நீதிபதி வர்மா கமிட்டி, பெண்களை மானபங்கம் செய்வது எந்த உத்தியோகக் கடமையின் பாற்பட்டது என்று கருதலாகும் என்னும் கேள்வியைக் கிளப்பியது. அதன் பயனாக 2013-ல், இத்தகைய குற்றங்களுக்கு சர்க்கார் ஊழியர் மீது வழக்குத் தொடர முன்னனுமதி தேவையில்லை என்று நடைமுறைச் சட்டம் திருத்தப்பட்டது. ஆனால் படையினரின் கேடயத்தையும் விலக்க வேண்டும் என்று அக்கமிட்டி சொன்னது ஏற்கப்படவில்லை. கீழுள்ளவர் பலாத்காரம் செய்யத் தடுக்காதிருந்த மேலதிகாரியைத் தண்டிக்கத் தனிப்பிரிவு வேண்டும் என்று சொன்னதும் ஏற்கப்படவில்லை. 2024 ஜூலை முதல் அமலுக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்திலும் அப்பிரிவு இல்லை. தென்னேரிப் பெரியவர் கேட்ட கேள்விக்குச் சட்டப் புத்தகத்தில் இன்றும் விடை இல்லை என்பதே இதன் பொருள்.

"கேடயத்தை எடுத்துவிட்டால் பொய்ப் புகார்கள் பெருகும், படையினரின் மனோதைரியம் குலையும்" என்பது எதிர்த்தரப்பின் வாதம். இதை நாம் அலட்சியப்படுத்தவில்லை. பொய்ப் புகாரும் உண்டு. ஆனால் புகார் பொய்யா மெய்யா என்று சலித்துப் பார்ப்பது கோர்ட்டின் வேலை. முன்னனுமதி என்பது சல்லடையன்று, அது பூட்டு. மெய்யும் பொய்யும் ஒன்றாகவே அதனுள் அடைபட்டுக் கிடக்கும். யோக்கியமான வீரர்கள் பல்லாயிரவர் உள்ளனர். அவர்களுடைய பெயரும் அப்பூட்டுக்குள்ளேயே அகப்பட்டு, நிரூபிக்க வழியின்றிச் சந்தேகத்தில் வாடுகிறது. அவர்களுக்கு இதைவிடப் பெரிய அநீதி எது?

சட்டத்தில் இருப்பதுகூட நடைமுறையில் வருகிறதா? மணிப்பூரில் 2023 மே 4-ந் தேதி பெண்கள் நிர்வாணமாக்கப்பட்டு ஊர்வலம் விடப்பட்டனர். மே 18-ந் தேதி புகார் பதிவாயிற்று. ஜூலை 19-ந் தேதி அக்காட்சியின் படம் உலகமெங்கும் பரவிய பிறகே கைதுகள் தொடங்கின. புகாரைப் பதிவு செய்ய மறுக்கும் போலீஸ் அதிகாரியைத் தண்டிக்கும் பிரிவு 2013 முதல் சட்டத்தில் இருக்கிறது. பதிவு செய்தபின் உறங்குபவரை எழுப்பும் பிரிவு எங்கே? சுப்ரீம் கோர்ட்டு தலையிட்டு, ஸ்ரீமதி கீதா மிட்டல் தலைமையில் முன்னாள் பெண் நீதிபதிகள் மூவர் கொண்ட கமிட்டியை ஆகஸ்டில் நியமிக்க நேர்ந்தது.

ஆகவே நாம் கோருவன இவை. முதலாவது, மேலதிகாரியின் பொறுப்பைக் குற்றமாக்கும் பிரிவைப் பார்லிமெண்ட் இயற்ற வேண்டும். இரண்டாவது, 1958-ம் வருஷச் சட்டத்தின் கேடயம் பெண்கள் மீதான குற்றங்களுக்கு இல்லை என்று வெளிப்படையாக விதிக்க வேண்டும். மூன்றாவது, எந்தத் துறையினர் மீது புகார் எழுகிறதோ அத்துறையினர் அதை விசாரிக்கலாகாது. முதல் நாளிலிருந்தே வெளி அமைப்பு விசாரிக்க வேண்டும். நான்காவது, கிராமங்களில் சோதனைக்குச் செல்லும் ஒவ்வொரு படையிலும் சென்றவர் பெயர், அனுப்பியவர் பெயர், புறப்பட்ட நேரம், திரும்பிய நேரம் யாவும் எழுத்தில் இருக்க வேண்டும். பெண் அதிகாரிகளும் உடன் செல்ல வேண்டும். சூரியன் அஸ்தமித்தபின் பெண்களைக் கைது செய்யலாகாது என்னும் விதி வாச்சாத்திக்குப் பின் வந்த விதி. அது காட்டிலும் மலையிலும் செல்லுபடியாக வேண்டும். ஐந்தாவது, நஷ்டஈடு கிழப்பருவம் வரையில் காத்திராமல், விசாரணை நடக்கும்போதே இடைக்காலமாகக் கொடுக்கப்பட வேண்டும்.

ஊழியம் செய்யும் நமது நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. வாச்சாத்தி வழக்கு பிழைத்தது சட்டத்தின் மகிமையால் மாத்திரமன்று. ஊரார் சாட்சியத்திலிருந்து பிறழாததாலும், சங்கத்தார் முப்பது வருஷம் சலியாததாலும் பிழைத்தது. உங்கள் தாலுகாவில் இத்தகைய அக்கிரமம் நேர்ந்தால், கண்டனக் கூட்டத்துக்கு முன்பே செய்ய வேண்டியவை உண்டு. எந்தப் போலீஸ் ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். எல்லை எங்களுடையதல்ல என்று அவர்கள் மறுக்கச் சட்டம் இடந்தராது. எந்த ஆஸ்பத்திரியும் இலவசமாகச் சிகிச்சை தரக் கடமைப்பட்டது; வைத்தியச் சான்றை உடனே பெறுங்கள். பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரை மேடையிலும் துண்டுப்பிரசுரத்திலும் வெளியிடாதீர்கள், அது குற்றம். பத்திரிகையாளராகிய நமக்கும் அவ்விதி பொருந்தும்.

தென்னேரியைப் போலவே காஞ்சி ஜில்லாவைச் சேர்ந்தது உத்தரமேரூர். அங்குள்ள பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுக்கள், கி.பி. 919, 921 வருஷங்களைச் சேர்ந்தவை, குடவோலை முறையை விவரிப்பதை நமது வாசகர்கள் அறிவர். ஊர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மீண்டும் வாரியத்துக்கு அருகனல்லன். அவனுடைய நெருங்கிய உறவினரும் அருகரல்லர் என்பது அக்காலத்துச் சபையார் செய்த கட்டுப்பாடு. அச்சபையில் பெண்களுக்கும், நிலமற்ற ஏழைக்கும் இடமில்லாதிருந்தது. அக்குறையை நாம் மறைக்கவில்லை. ஆனால் அவர்கள் கண்ட தத்துவம் பெரிது. ஏரிப் பணத்துக்குக் கணக்குக் காட்டாதவனையே பதவிக்கு ஆகாதவன் என்றார்கள். பெண்களின் மானத்துக்குக் கணக்குக் காட்டாதவர்களை நாம் என்ன சொல்வது? அவர்கள் பென்ஷனும் பெற்று, பதவி உயர்வும் பெற்று, கௌரவத்துடன் ஓய்வு பெறும் வரையில், குடியரசு என்று நாம் கூறிக்கொள்வதில் ஏதோ குறைகிறது.

அன்று விடை கூற இயலாமற் போன அப்பெரியவருக்கு இன்று கூறுகிறோம்: தாங்கள் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள் சென்னையிலும் டில்லியிலும் இருக்கிறார்கள். அவர்கள் விடை சொல்லும் வரையில் இப்பத்திரிகை அக்கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருக்கும்.