அரியண்டம்

கொழும்பு வெள்ளவத்தைச் சந்தையில் மீன் கழுவின தண்ணி காலில் தெறித்தால், "சீ, அரியண்டம்!" காலி வீதியில் ஓயாமல் ஹோர்ன் அடிக்கிற ஓட்டோவும் அரியண்டம்தான். கலியாண வீட்டில் தாயின் சேலையைப் பிடித்திழுத்துச் சிணுங்குகிற பிள்ளைக்கும் அதே சொல்: "அரியண்டம் தராமல் கொஞ்ச நேரம் இரன் ராசா."

யாழ்ப்பாணத்தவரோடு கொழும்புக்கு வந்த சொல் இது. அருவருப்பு, தொல்லை இரண்டையும் ஒன்றாகவே சுமக்கிறது. எனக்கு இதில் பிடித்தது இதன் அளவு. ஆளைப் பார்த்து ஏசினாலும் அவர் செய்கிற வேலையைத்தான் சுடும். அரியண்டம் என்று சினந்த வாய் அடுத்த நிமிடமே "சாப்பிட்டியே?" என்று கேட்கும். "அவனைக் கண்ணிலையும் காட்டேலாது" என்பது வேறு கதை. அந்தக் கோபம் செத்த வீட்டுக்குக்கூடப் போகவிடாது.

கொழும்பின் கொட்டாஞ்சேனையில் யாழ்ப்பாணத்தாரும் மலையகத்தாரும் மற்ற இந்திய வம்சாவளியினரும் கலந்து வாழ்கிறார்கள். அங்கே தொல்லைக்கு எல்லாருக்கும் பொதுவான சொல் 'கரைச்சல்'. சிங்களவர் வாயிலும் அது 'கரச்சல்' என்று புழங்குகிறது.

போர்க்காலத்தில் பொலிஸ் பதிவும் வீதிச் சோதனையும் பெரிய கரைச்சல். ஆனால் 2007 ஜூன் 7 அன்று நடந்ததற்கு அந்தச் சொல் காணாது. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை உட்பட நகரத்து லொட்ஜுகளில் தங்கியிருந்த 376 தமிழரைப் பொலிசார் பஸ்களில் ஏற்றி வடக்கு கிழக்குக்கு அனுப்பினார்கள். அதில் பலர் வைத்தியத்துக்கும் வெளிநாட்டுப் பயண அலுவலுக்கும் வந்து நின்ற சனம். மறுநாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. அப்படி அலைக்கழிந்தவர் அரியண்டம் என்று சொல்லமாட்டார். "வெறுத்துப் போச்சு" என்பார். யாரை வெறுத்தது என்று அந்தப் பேச்சில் இராது. வெறுத்தது சீவியம்.

அரியண்டத்துக்கும் வெறுப்புக்கும் உள்ள இந்த வேறுபாடு நம் பிள்ளைகளுக்குத் தெரியவேண்டும். இப்போது தொலைக்காட்சித் தமிழில் எல்லாமே 'கடுப்பு' ஆகிவிட்டது. கட்டுரைக் கொப்பியில் ஒரு பிள்ளை பக்கத்து வீட்டு வானொலிச் சத்தம் அரியண்டம் என்று எழுதினால், பேச்சு வழக்கு என்று சிவப்பு மையால் வெட்டி 'வெறுப்பு' என்று திருத்துகிற ஆசிரியர்களே, தயவுசெய்து கையை நிறுத்துங்கள். அந்தச் சத்தம் பிள்ளைக்கு அரியண்டமாகத்தான் இருந்தது. பக்கத்து வீட்டாரை அது வெறுக்கவில்லை.