பச்சைக் கட்டத்தில் பெட்ரோல் கார்

இந்தியாவிலேயே பொதுச் சார்ஜிங் நிலையங்கள் அதிகமுள்ள மாநிலம் கர்நாடகம். 2024 இறுதியில் ஒன்றிய அரசு தந்த கணக்கின்படி நாடு முழுவதும் இருந்தவை 25,202. அவற்றில் 5,765 கர்நாடகத்தில். அதிலும் பெரும்பகுதி பெங்களூரில். பெருமைப்படலாம்தான். ஆனால் அந்தக் கணக்கு இயந்திரங்களை மட்டுமே எண்ணுகிறது. சனிக்கிழமை மாலை ஒயிட்ஃபீல்டிலோ கோரமங்களாவிலோ ஒரு மாலின் பேஸ்மென்டுக்குள் பேட்டரி பதினைந்து சதவீதத்தில் இருக்கும்போது இறங்குகிறவருக்கு வேண்டியது, அந்த இயந்திரத்தின் முன்னால் ஒரு காலி இடம். அங்கே பச்சை வண்ணம் பூசி, பிளக் படம் வரைந்த கட்டத்துக்குள் ஒரு டீசல் எஸ்யூவி நிற்கும். வண்டிக்காரர் மேலே மூன்றாவது மாடியில் படம் பார்த்துக்கொண்டிருப்பார். செக்யூரிட்டியைக் கேட்டால், "அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்னு சொல்லிட்டுத்தான் சார் போனாங்க" என்பார்.

பார்க்கிங் கிடைக்காத ஊரில் யாரோ ஒருவர் கிடைத்த இடத்தில் நிறுத்திவிட்டார், இதில் என்ன பெரிய குற்றம் என்று தோன்றலாம். சாதாரணக் கட்டத்தை அடைத்தால் போவது ஒரு கட்டம். அடுத்து வருகிறவர் கீழ்த்தளத்துக்குப் போய் நிறுத்திக்கொள்வார். சார்ஜரின் கேபிளோ சில மீட்டர்தான் நீளும். அடுத்த தளத்துக்கு அதை இழுத்துப் போக முடியாது. கட்டம் போனால் பல லட்ச ரூபாய் இயந்திரமும் அதோடு போய்விடுகிறது.

கணக்காகவே பார்க்கலாம். 30 யூனிட் பேட்டரி உள்ள ஒரு காரை 20 சதவீதத்திலிருந்து 80 சதவீதத்துக்கு ஏற்ற 18 யூனிட் வேண்டும். 25 கிலோவாட் வேகச் சார்ஜரில் அது முக்கால் மணி நேரத்துக்குச் சற்றே குறைவான வேலை. ஒரு சினிமா, அதன் பிறகு சாப்பாடு என்று மூன்று மணி நேரம் ஒரு பெட்ரோல் கார் அங்கே நின்றால் மூன்று நான்கு கார்களின் முறை பறிபோகிறது. மெதுவான 3.3 கிலோவாட் சார்ஜராக இருந்தாலும் அந்த மூன்று மணி நேரத்தில் பத்து யூனிட் ஏறியிருக்கும். அறுபது கிலோமீட்டர் ஓடலாம். மாலுக்கு வருகிறவர் எப்படியும் இரண்டு மூன்று மணி நேரம் இருக்கப்போகிறார் என்பதால்தான் மெதுவான சார்ஜர்களை அங்கே வைப்பதே லாபகரமானது என்று நினைத்தார்கள். அந்த மூன்று மணி நேரத்தைத்தான் பெட்ரோல் கார் எடுத்துக்கொள்கிறது.

இந்த ஊருக்கு மின்கார் புதிதல்ல என்பதுதான் வேடிக்கை. 2001-இல் சேத்தன் மைனியின் 'ரேவா' இங்கிருந்துதான் வெளிவந்தது. லண்டன் தெருக்களில் 'ஜி-விஸ்' என்ற பெயரில் ஓடி, அங்கே நெரிசல் கட்டணத்திலிருந்து விலக்குப் பெற்ற அதே குட்டிக் கார். அதை வீட்டில் 15 ஆம்பியர் பிளக்கில் செருகி இரவெல்லாம் சார்ஜ் ஏற்றினார்கள். பொது இடத்தில் அதற்கென்று கட்டம் வேண்டும் என்ற பேச்சு பெரிதாக எழவில்லை. இந்தியாவில் மின்வாகனங்களுக்கென முதலில் கொள்கை அறிவித்த மாநிலமும் கர்நாடகமே, அது 2017-இல். அடுத்த ஆண்டு மின்விநியோக நிறுவனமான பெஸ்காம், கே.ஆர். சர்க்கிளில் உள்ள தன் தலைமை அலுவலகத்தில் சார்ஜிங் நிலையம் திறந்தது. பிறகு அரசு அலுவலக வளாகங்கள், சாலையோரங்கள் என்று நகரெங்கும் பல இடங்களில் நிறுவியது.

பச்சைக் கட்டத்தை மக்கள் மதிக்காமல் போனதற்கான ஒரு காரணம் இங்கேதான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். அந்த முதல் தலைமுறை இயந்திரங்களில் பல 'பாரத்' தரத்தில் செய்யப்பட்டவை. 2017-இல் வகுத்த அந்தத் தரத்தின் டிசி இயந்திரம் 15 கிலோவாட் கொண்டது. மகிந்திரா இ-வெரிட்டோ, ஆரம்பகால டாடா டிகோர் போன்ற குறைந்த மின்னழுத்தக் கார்களுக்காக வடிவமைத்தது. 2020 ஜனவரியில் டாடா நெக்ஸான் மின்கார் வந்தபோது, அதில் இருந்தது சிசிஎஸ்-2 என்ற வேறு வகைச் செருகுவாய். அதற்குப் பிறகு விற்பனையான கார்களில் பெரும்பாலானவை அந்த வழியே போயின. விளைவு, பழைய இயந்திரத்தின் முன்னால் புதிய கார் நின்று பயனில்லை. இயந்திரம் நாள் முழுக்கச் சும்மா நிற்கும். எதிரே டீக்கடை வைத்திருப்பவர், அலுவலகத்துக்கு வருகிறவர், ஆட்டோக்காரர் எல்லோரும் அதைப் பார்க்கிறார்கள். யாரும் பயன்படுத்தாத கட்டம், நிழலும் இருக்கிறது, நிறுத்தினால் என்ன? மழையில் நனைந்தும் இணையத் தொடர்பு அறுந்தும் திரை இருண்டுபோன இயந்திரங்களும் இதே பாடத்தைத்தான் கற்றுத்தந்தன. ஓடாத சார்ஜரின் முன்னால் நிறுத்திப் பழகிய கை, ஓடும் சார்ஜரின் முன்னாலும் அப்படியே நிறுத்தும்.

இன்னொரு காரணம் இடத் தேர்வு. சார்ஜர்களுக்கு மின் இணைப்பு இழுக்கும் செலவு அதிகம். அதனால் மின் பலகைக்குப் பக்கத்தில் வைக்கிறார்கள். கூடவே, நாங்களும் பசுமைக்கு மாறிவிட்டோம் என்று வருகிறவர் கண்ணில் படும்படி லிஃப்டுக்கு அருகில், நுழைவாயிலை ஒட்டி வைக்கும் ஆசையும் உண்டு. அப்படி, கட்டடத்தின் மிக வசதியான நான்கைந்து கட்டங்கள் பச்சை பூசிக்கொள்கின்றன. குழந்தையையும் பையையும் தூக்கிக்கொண்டு வருகிறவருக்கு லிஃப்டின் முன்னால் காலியாக இருக்கும் இடத்தைத் தாண்டிப் போக மனம் வருமா? சார்ஜ் தேவைப்படுகிறவர் எந்த மூலைக்கும் போவார். யாருக்கும் ஆசை வராத கடைசி மூலையில் வைத்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும். விளம்பரப் பிரிவு அதற்கு ஒப்புவதில்லை.

பெட்ரோல் பங்கில் பம்புக்கு முன்னால் காரை நிறுத்திவிட்டு யாரும் சினிமாவுக்குப் போவதில்லை. நம் நாகரிகம் அங்கே மட்டும் உயர்ந்துவிடவில்லை. கையில் குழாயோடு ஒருவர் நிற்கிறார், அவ்வளவுதான். சார்ஜிங் நிலையத்தின் வியாபாரமே ஆள் இல்லாமல் ஓடுவதில் இருக்கிறது. செயலியில் பணம் கட்டி, வாகனக்காரரே செருகி, அவரே கழற்றிக்கொள்ள வேண்டும். இயந்திரத்துக்கு ஒரு நிறுவனம் சொந்தக்காரர். தரை மாலுக்கோ டெக் பார்க்குக்கோ சொந்தம். பார்க்கிங் கட்டணம் வசூலிப்பது மூன்றாவது ஒப்பந்ததாரர். செக்யூரிட்டி நான்காவது ஏஜென்சியின் ஆள். அவருக்குச் சார்ஜர் நிறுவனம் எதுவும் தருவதில்லை. மின்வாகனச் சார்ஜிங் என்பது சேவை, மின்சாரம் விற்பதாகாது, அதற்கு உரிமம் வேண்டாம் என்று ஒன்றிய மின் அமைச்சகம் 2018 ஏப்ரலில் விளக்கம் தந்தது. யாரும் சார்ஜர் வைக்கலாம் என்று கதவைத் திறந்த நல்ல முடிவு அது. கட்டத்தை யார் காப்பது என்ற கேள்விக்கு மட்டும் அதில் பதில் இல்லை. முப்பது லட்ச ரூபாய் காரில் வந்து இறங்கி, கண்ணாடியைக்கூட இறக்காமல் போகிறவரிடம் மாதச் சம்பளக்காரரான ஒரு செக்யூரிட்டி "சார், இது இவி மட்டும்" என்று எத்தனை முறை சொல்வார்? வேலே பார்க்கிங் உள்ள இடங்களில் இன்னும் மோசம். வரிசை நீண்டால் வேலே பையன்களே பெட்ரோல் கார்களைக் கொண்டுவந்து பச்சைக் கட்டத்தில் சொருகிவிடுகிறார்கள்.

பழியை எல்லாம் பெட்ரோல்காரர் தலையில் கட்டுவதும் நியாயமில்லை. சார்ஜ் முழுதாக ஏறி இரண்டு மணி நேரம் ஆன பிறகும் கேபிளோடு நிற்கும் மின்கார்கள் உண்டு. கேபிளைச் செருகாமலே, பச்சை நம்பர் பிளேட் இருக்கிறது என்ற உரிமையில் நிற்பவையும் உண்டு. அடுத்து வருகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். டெஸ்லா இந்தத் தொல்லையைச் சீக்கிரமே கண்டுகொண்டு, சார்ஜ் முடிந்த பிறகும் வண்டியை எடுக்காமல் இருப்பவர்களிடம் நிமிடக் கணக்கில் கட்டணம் வசூலிப்பதை 2016 டிசம்பரிலேயே தொடங்கியது. சார்ஜ் ஏற்றுவோரைக் கட்டுப்படுத்த இது நல்ல வழி. பெட்ரோல் காரிடம் இது செல்லாது. அது எந்தச் செயலியிலும் பதிவாகவில்லையே.

பெங்களூரில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு, ஸ்கூட்டர். 2018-இல் ஏத்தர் 450 இங்கிருந்துதான் விற்பனைக்கு வந்தது. சாலையோர காபிக் கடைகளின் முன்னால் இந்த ஸ்கூட்டர்களுக்கென நிற்கும் சிறு சார்ஜர்களின் முன்னே, மூன்றடி இடத்தைக் கோடு போட்டுக் காப்பது யாராலும் ஆகாத காரியம். ஸ்விக்கி, ஜொமாட்டோ வண்டிகள் ஒன்றை ஒட்டி ஒன்றாக வந்து சாய்ந்துவிடும். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, எல்லோருக்கும் ஐந்து நிமிட வேலைதான்.

மற்ற நாடுகள் சட்டம் போட்டன. ஜெர்மனியில் மின்வாகனத்துக்கென ஒதுக்கிய இடத்தில் மற்ற வண்டியை நிறுத்தினால் 2021 நவம்பரிலிருந்து 55 யூரோ அபராதம். அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2019-இல் 150 டாலர் அபராதம் விதிக்கும் சட்டம் இயற்றியது. சார்ஜ் ஏற்றாமல் இடத்தைப் பிடித்திருக்கும் மின்காருக்கும் அது பொருந்தும் என்பதுதான் அதில் கவனிக்க வேண்டியது. கலிபோர்னியாவிலும் அப்படியே: வண்டி எந்த வகை என்பதைச் சட்டம் கேட்பதில்லை, சார்ஜரோடு இணைந்திருக்கிறதா என்றுதான் கேட்கிறது. நமக்குத் தோதானது இந்த வழி என்பது என் கருத்து. பெட்ரோலா மின்சாரமா என்று இரு கட்சியாகப் பிரிக்கும் வேலை இதில் இல்லை.

இங்கே நிலைமை என்ன? 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் சார்ஜிங் கட்டத்தை அடைப்பது என்று தனிக் குற்றம் கிடையாது. ஆனால் சட்டத்தில் பிடிமானமே இல்லை என்று சொல்ல முடியாது. 117-ஆவது பிரிவின்படி, உள்ளாட்சி அமைப்பைக் கலந்து, எங்கே எந்த வண்டி நிற்கலாம் என்று மாநில அரசு தீர்மானிக்கலாம். 119-ஆவது பிரிவு போக்குவரத்துக் குறிகளுக்குக் கட்டுப்படச் சொல்கிறது. மீறினால் 177-ஆவது பிரிவின் பொது அபராதம். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறை 500 ரூபாய் வரை, மறுபடியும் செய்தால் 1,500 வரை. முறைப்படி அறிவித்து, முறைப்படி பலகை வைத்த சாலையோரச் சார்ஜிங் கட்டத்துக்கு இது போதும். அறிவிக்கை இல்லாத பச்சைப் பெயின்ட் வெறும் வேண்டுகோள்தான்.

கண்டுபிடிப்பதில் சிரமமே இல்லை. 2018-இல் வந்த விதிப்படி மின்வாகனங்களின் நம்பர் பிளேட் பச்சை. சொந்த வண்டிக்கு வெள்ளை எழுத்து, வாடகை வண்டிக்கு மஞ்சள் எழுத்து. தொலைவிலிருந்தே தெரிந்துவிடும். நகரின் முக்கியச் சந்திப்புகளில் நம்பர் பிளேட் படிக்கும் கேமராக்களும் வந்துவிட்டன. சிக்கல் வண்டியை அகற்றுவதில். இழுவை வண்டிக்காரர்களின் அடாவடி குறித்துப் புகார்கள் குவிந்து, 2022 பிப்ரவரியில் பெங்களூரில் டோயிங்கை அரசு நிறுத்திவைத்தது. அபராதச் சீட்டு வண்டிக்காரருக்குப் போய்ச் சேரும், கட்டம் அப்போதும் அடைபட்டே இருக்கும்.

மாலின் பேஸ்மென்டுக்குப் போக்குவரத்துக் காவலர் வரப்போவதில்லை. அங்கே நுழைவுச் சீட்டின் பின்பக்கம் அச்சாகும் நிபந்தனைகள்தான் சட்டம். "சார்ஜிங் கட்டத்தில் சார்ஜ் ஏற்றாமல் நிறுத்தினால் மணிக்கு இவ்வளவு" என்று ஒரு வரி சேர்க்க எந்த அரசாணையும் வேண்டாம். வெளியேறும் வாயிலில் சாதாரணக் கட்டணத்தோடு இதையும் வசூலித்துவிடலாம். சார்ஜருக்குப் பணம் கட்டினால் மட்டும் தாழும் தரைப்பூட்டு இன்னொரு வழி. செலவு பிடிக்கும், அடிக்கடி உடையும், ஆனால் யாரோடும் வாக்குவாதம் செய்யாது.

2019 பிப்ரவரியில் ஒன்றிய நகர்ப்புற அமைச்சகம் மாதிரிக் கட்டட விதிகளைத் திருத்தி, கட்டடத்தின் வாகனக் கொள்ளளவில் 20 சதவீதத்துக்குச் சார்ஜிங் வசதி வேண்டும் என்றது. எதிர்காலத்துக்குச் சரியான எண். இன்றைய நெரிசலில் ஐந்தில் ஒரு கட்டத்தை ஒரேயடியாக மூடிவைத்தால் மற்ற நான்கு பங்கிலும் இடம் தேடி அலைகிறவர் கொதிப்பார். அந்தக் கொதிப்பில் கோடுகளை மீறுவது நியாயமாகவும் தோன்றும். கம்பிகளை இப்போதே இழுத்துவைத்து, ஒதுக்கும் கட்டங்களை வண்டிகளின் எண்ணிக்கை ஏற ஏறக் கூட்டுவது புத்திசாலித்தனம்.

வீட்டில் சார்ஜர் வைத்திருப்பவருக்கு இதெல்லாம் ஒரு மாலை நேரத்து எரிச்சலோடு முடிந்துவிடும். மஞ்சள் எழுத்துப் பிளேட் வைத்திருக்கும் கேப் டிரைவருக்கு அப்படியில்லை. ஒற்றை அறையில் குடியிருந்துகொண்டு வண்டியைத் தெருவில் நிறுத்துகிறவருக்கு வீட்டுச் சார்ஜர் கிடையாது. ப்ளூஸ்மார்ட் என்ற மின்டாக்சி சேவையில், நிறுவனத்தின் சொந்தச் சார்ஜிங் மையத்தை நம்பி ஓட்டியவர்களும், 2025 ஏப்ரலில் அந்தச் சேவை நின்றதும் வழியின்றி நின்றார்கள். பொதுச் சார்ஜரை நம்புகிறவருக்கு அடைபட்ட கட்டம் என்றால் அடுத்த நிலையத்துக்கு நெரிசலில் நான்கைந்து கிலோமீட்டர். அங்கும் வரிசை இருந்தால் இரண்டு சவாரி போச்சு.

நகர்ப்புறங்களில் 2030-க்குள் ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர் சதுரத்தில் ஒரு நிலையமாவது இருக்க வேண்டும் என்கின்றன 2024 செப்டம்பரில் வந்த ஒன்றிய அரசின் வழிகாட்டுதல்கள். அத்தனை நிலையங்களின் கட்டங்களை அறிவிக்க மாநில அரசு கலந்து பேச வேண்டிய உள்ளாட்சி அமைப்பும் இப்போது ஒன்றல்ல. 2025 செப்டம்பரில் பழைய பெங்களூர் மாநகராட்சி போய், கிரேட்டர் பெங்களூர் ஆணையத்தின் கீழ் ஐந்து மாநகராட்சிகள் வந்துவிட்டன. ஒரே பலகை, ஒரே அபராதம், ஒரே நிறம் என்று ஐந்தும் சேர்ந்து முடிவெடுக்காவிட்டால், சாலையின் இந்தப் பக்கம் குற்றமாக இருப்பது எதிர்ப்பக்கம் வெறும் பெயின்டாக இருக்கும்.