சங்கரன்கோவிலில் கவுன்சிலர் ஆகணுமா? முதல்ல லிஸ்ட்டைப் பாருங்க!

2022 மார்ச்சில் சங்கரன்கோவில் நகராட்சித் தலைவரைத் தேர்ந்தெடுக்க நடந்த மறைமுகத் தேர்தலில் ஓட்டு சரிசமம். குலுக்கலில் ஜெயித்தார் திமுகவின் உமா மகேஸ்வரி. 2025 ஜூலையில் கவுன்சிலர்களே நம்பிக்கையில்லாத் தீர்மானம் போட்டு அவரை இறக்கினார்கள். 30 வார்டு ஊரில் ஒரு கவுன்சிலர் ஓட்டுக்கு அவ்வளவு வெயிட்!

நீங்களும் நிக்கலாம். 21 வயது போதும், கட்சி கட்டாயமில்லை. ஆனால், நகராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கணும். சென்னை, பெங்களூருவில் வேலைக்குப் போய், ஓட்டையும் அங்கே மாற்றிக்கொண்டவர்கள் இதில்தான் கோட்டை விடுவார்கள். முன்மொழிபவரோ நீங்கள் போட்டியிடும் வார்டின் வாக்காளராக இருக்க வேண்டும்.

டெபாசிட் 2022-ல் 2,000 ரூபாய். பட்டியலினத்தவர், பழங்குடியினருக்குப் பாதி. பைக் இஎம்ஐ அளவுக்குத்தான்!

வார்டுகளில் பாதி பெண்களுக்கு. உங்க வார்டு யாருக்கு ஒதுக்கீடுன்னு பார்த்துட்டு போஸ்டர் அடிங்க.